காத்தாயியின் அட்டிகையைத் தேடிப் பதுளைக்கு

பதுளைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் துன்ஹிந்த அருவியைப் பார்க்கப் போவார்கள். இல்லாவிட்டால் எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அப்படியே பதுளையையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் போன பிப்ரவரியில், ஆறு நாள் விடுப்பில், ஒரு பழைய தபால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். பழைய படங்களைக் கொண்டு முன்னோர் வாழ்ந்த தோட்டத்தைத் தேடிப் போவது எப்படி என்று உங்களில் பலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். நடுவே எங்கள் வீட்டுச் சண்டையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் இருப்பவர் காத்தாயி. என் அப்பாவின் அப்பாவைப் பெற்றவர். 1910களில் எடுத்த படமாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் பூசியிருக்கிறார்கள். முதுகில் கொழுந்துக் கூடை, மூக்கில் புல்லாக்கு, தோளைத் தொடும் தண்டட்டி, கழுத்தை ஒட்டி ஒரு கல் அட்டிகை, அதன் கீழே இரண்டு சுற்றுக் காசுமாலை. அட்டிகையில் நடுக்கல் மட்டும் விழுந்து குழியாகத் தெரியும். அடியில் ஆங்கிலத்தில் ‘கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண், சிலோன்’ என்று அச்சாகியிருக்கிறது, பெயர் இல்லை. வலது முன்கையில் பச்சை குத்திய தேள் ஒன்று இருக்கிறது. அதை வைத்துத்தான் காத்தாயி என்று தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்களாம்.

இனி சண்டை. காத்தாயி இறந்தபோது என் தாத்தா மூன்று வயதுப் பிள்ளை. பின்னாளில் அவருடைய பிள்ளைகள், அதாவது என் அப்பாவும் அப்பாவின் அக்கா பாக்கியமும், “படத்துல இருக்குற நகையெல்லாம் எங்கப்பா?” என்று கேட்டால், “ஊர்ல பத்திரமா இருக்கு” என்பாராம். ஊர் என்றால் இந்தியாவில் துறையூர்ப் பக்கம். பாக்கியம் அத்தைக்கு நமுனுகுலவில் கல்யாணம் முடிவானதும் தாத்தா ஒரு முறை ஊருக்குப் போய்விட்டு வந்தார். நகையை எடுத்து வந்து மகளுக்குப் போட்டுவிட்டார் என்று அப்பா எடுத்துக்கொண்டார். பிறகு தாத்தா இறந்தார். 1975இல், தோட்டத் தமிழரில் யார் எந்த நாட்டுக்கு என்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் பேசி முடித்த கணக்கில், அப்பா கப்பலேறி இந்தியா வந்து கோத்தகிரியில் ஒதுங்கினார். அத்தையின் புகுந்த வீட்டாருக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்ததால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்பா இங்கே வந்த புதிதில் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: “அங்க ஒருத்தி காசுமாலைய பெட்டியில வச்சுப் பூட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா.” அக்காவும் தம்பியும் பேசி ஐம்பது வருடம் ஆகிறது.

அப்பாவுக்கு எழுபத்தேழு, அத்தைக்கு எண்பத்தொன்று. பேச்சு இல்லாவிட்டாலும், தொலைக்காட்சியில் இலங்கையில் மண்சரிவு என்று செய்தி வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார். பிறகு யாரிடமோ கேட்பது போல, “நமுனுகுல பக்கம் ஏதும் சொன்னாங்களா?” என்பார். நான் போகிறேன் என்றதும், “அத்தைய பாக்கணும்னு அவசியம் இல்ல” என்றார். பத்து நிமிடம் கழித்து, நான் கேட்காமலே, அத்தை இருக்கும் தோட்டத்தின் பெயர், அதில் எந்தக் கணக்கு என்கிற பிரிவு, எந்த லயம் என்கிற வரிசை வீடு, அதில் எத்தனையாவது காம்பரா என்று எல்லாவற்றையும் சொன்னார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு பேரும் ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் நான் விமானம் ஏறினேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குச் சற்று முன் புறப்படும் வண்டியில் ஏறினால் நேரத்துக்கு வந்தால் மாலை நான்கு மணி, வழக்கம்போல வந்தால் ஐந்தரை. எனக்கு ஐந்தரை. முன்பதிவு செய்த மூன்றாம் வகுப்புக்கு இரண்டாயிரம் ரூபாய் சொச்சம் ஆனது (இங்கே நான் சொல்வதெல்லாம் இலங்கை ரூபாய்). ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். எனக்குக் கிடைத்த ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் கால்தான் எல்லவரைக்கும் தெரிந்தது.

எல்லவில் பெட்டி பாதி காலியாகிவிடும், பயணத்தின் அழகான பகுதி அதற்குப் பிறகுதான். தெமோதரை நிலையத்தில் ஒரு வித்தை இருக்கிறது. வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பி, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தின் வழியாகத் திரும்பி வரும். இந்தப் பாதை போட்ட காலத்துப் படங்கள் நிறையத் தபால் அட்டைகளாக வந்திருக்கின்றன. கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் முன்னால் நிற்பார்கள், தலையில் மண்கூடையோடு முப்பது பேர் பின்னால் மங்கலாகத் தெரிவார்கள். எனக்கு வேண்டியவர்கள் எப்போதும் அந்த மங்கலில்தான் இருப்பார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு முன் பண்டாரவளையோடு பாதை முடிந்துவிடும், அங்கிருந்து மாட்டு வண்டி அல்லது நடை. காத்தாயி பதுளைக்கு வந்த ரயிலைப் பார்க்காமலே போய்விட்டார்.

பதுளையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு நாளைக்கு 4,500 ரூபாய். சுத்தம், வெந்நீர் உண்டு, கொசுவும் உண்டு. மறுநாள் காலை பசறை வழியாக நமுனுகுல போகும் பேருந்தைப் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். என் முகத்தைப் பார்த்த நடத்துனர் ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, எடுத்துக் கொடுத்து, “மோந்துக்கிட்டே வாங்க, அடுத்த வளைவுதான் பெரிசு” என்றார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

சந்தியில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர், “எந்தத் தோட்டங்க?” என்றார். சொன்னேன். “யாரு வீட்டுக்கு?”

“பாக்கியம்னு...”

“காவக்காரரு பெருமாள் சம்சாரமா? ஏறுங்க. நாலு கிலோமீட்டரு, அறுநூறு ரூவா. பாத கிடக்குற கெடைக்கு இதுக்குக் கொறச்சா எங்களுக்குக் கட்டாதுங்க.” பாதையைப் பார்த்த பிறகு, அறுநூறு குறைச்சல் என்றே எனக்குத் தோன்றியது.

அத்தை வாசலில் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, வெட்டிய தலைமுடி முழுக்க வெள்ளை. மாமா பெருமாள் காலமாகிப் பல வருடம் ஆகிறது. மகன் கொழும்பில் வேலை, மருமகள் விஜயா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். அத்தை கருவேப்பிலையை முறத்தில் வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “முத்தையா மகளா? உள்ள வா. செருப்ப வாசல்லயே போடு” என்றார். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

தேத்தண்ணி வந்தது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, எங்கள் வீட்டில் இருக்கும் அதே காத்தாயி. தாத்தா பதுளையில் ஒரு ஸ்டுடியோவில் அட்டையைப் படம் பிடித்துப் பெரிதாக்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன பாக்குற? ஒங்கப்பன் கொண்டுபோனதெல்லாம் அதுலதான் இருக்கு. எண்ணிக்க” என்றார் அத்தை.

தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்தேன். “நகை உங்ககிட்ட இருக்குன்னுதானே அத்தை அப்பா இத்தன வருசமா சொல்லிக்கிட்டு இருக்காரு?”

அத்தை என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “எங்கிட்டயா? இந்தா கேளு. பொண்ணு பாக்க வந்தவுங்ககிட்ட எங்கப்பா இந்தப் படத்தத்தான் எடுத்துக் காட்டுனாரு. இதப் பாத்துத்தான் வெத்தல பாக்கு மாத்துனாங்க. கல்யாணத்தன்னிக்கு எனக்குப் போட்டது ஒரு சோடி தோடு. மத்தது ஊர்ல இருக்கு, சீக்கிரம் வந்துரும்னாரு. எங்க மாமியா கண்ண மூடுற வரைக்கும் கேட்டுச்சு. ‘படத்துல இருக்கு, கழுத்துல இல்லியே’ன்னு. தண்ணிக்குப் போனா கேக்கும், காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போற வழியில நாலு பேரு முன்னால கேக்கும். அப்பறம் ஒங்கப்பன் ஊருக்கே போயிட்டான். ஊர்ல இருந்தத யாரு எடுத்திருப்பா? நீயே சொல்லு.”

எஸ்டேட்டில் அப்போதெல்லாம் வங்கி ஏது? பெண்கள் சேர்த்ததெல்லாம் காதிலும் மூக்கிலும் கழுத்திலும்தான் இருக்கும். அதனால் படத்தில் கழுத்தைப் பார்த்தாலே போதும், அந்தக் குடும்பம் எப்படி என்று தெரிந்துவிடும். சம்பந்தி வீட்டாருக்கும் அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சாப்பிடாமல் விடவில்லை. சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், பொரித்த கருவாடு. “போடு, இன்னும் கொஞ்சம் போடு” என்று தட்டை நிறைத்தார். ஆனால் கிளம்பும்போது வாசல்வரை வரவில்லை. அன்று மாலை அறைக்குத் திரும்பி அப்பாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, “அக்கா பொய் சொல்லாது” என்றார். கூடவே, “நானும் எடுக்கல. அப்ப எங்கதான் போச்சு?” என்றார். என் வாழ்நாளில் அவர் ‘அக்கா’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் பதுளைக்காக வைத்திருந்தேன். பழைய படங்கள் எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். கட்டடங்களைத் தேடாதீர்கள், அவை இருக்காது. படத்தின் பின்னால் தெரியும் மலையின் முதுகைப் பாருங்கள். அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நிஜ மலையும் அச்சு மலையும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை நடந்துகொண்டே இருங்கள். 1890களின் கடைவீதிப் படம் ஒன்றின் நகல் என்னிடம் இருந்தது: ஓட்டுக் கூரைகள், வரிசையாக மாட்டு வண்டிகள், தலைப்பாகை கட்டிய வியாபாரிகள். மலை பொருந்திய இடம் ஒரு கைபேசிக் கடை வாசலில் அமைந்தது. கடைக்காரர் என்னைச் சார்ஜர் வாங்க வந்தவள் என்றே கடைசிவரை நம்பினார்.

காத்தாயி அட்டையில் மலை பொருந்தவே இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் இல்லை. விடுதிக்காரர்தான், “பஜார்ல ஒரு புடவக் கட முதலாளி இருக்காரு. பழைய போஸ்ட்கார்ட் பைத்தியம். அவர்ட்ட கேட்டுப் பாருங்க” என்றார். முதலாளியின் பெயர் நடேசன், அறுபது வயது இருக்கும். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, வண்டியில் துணி ஏற்றித் தோட்டம் தோட்டமாக விற்ற குடும்பம். அந்த வண்டி கடையாகி நான்கு தலைமுறை ஆகிறது.

“வாங்கம்மா, இருங்க. டீயா, சோடாவா?” என்றார். வாடிக்கையாளர் இரண்டு பேர் காத்திருக்க, துணி அளக்கும் மேசையைத் துடைத்துவிட்டு ஆல்பங்களை எடுத்துப் பரப்பினார். துரைமார் ஊருக்கு அனுப்பிய அட்டைகள் இவை. நூறு வருடம் இங்கிலாந்தில் எங்கோ மேசை இழுப்பறையில் கிடந்து, அவர்கள் பேரப்பிள்ளைகள் விற்க, இவர் இணையத்தில் வாங்க, மறுபடியும் தபாலில் பதுளைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பின்பக்கம் எழுதியிருப்பதெல்லாம் மழை, காய்ச்சல், குதிரைக்கு நொண்டி, இந்த மாதிரிதான். முன்பக்கம் நிற்கும் பெண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

“நான் மொதல்ல பின்பக்கந்தாம்மா பாப்பேன். முத்திர எந்த ஆபிசு, ஸ்டாம்புல தல யாருது. எட்வர்டு ராசா தல இருந்தா 1910க்கு முன்னால, ஜார்ஜ் ராசான்னா அதுக்குப் பின்னால” என்றார். என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “இந்த ஆளு எடுத்த படம் எங்கிட்ட இன்னும் மூணு இருக்கே. கீழ எழுத்து இதே சைஸு” என்று வேறொரு ஆல்பத்திலிருந்து மூன்றை உருவி என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்றில் இடுப்பில் குழந்தையும் காலடியில் கொழுந்துக் கூடையுமாக நடுவயதுப் பெண். ஒன்றில் தண்ணீர்க் குடத்தோடு ஓர் இளம்பெண். மூன்றாவதில் நாற்காலியில் அமர்ந்த ஒருத்தி, ‘தமிழ் மணப்பெண்’. நான் குழந்தையைப் பார்த்தேன், குடத்தைப் பார்த்தேன். பிறகு அட்டிகையைப் பார்த்தேன். நடுவில் ஒரு குழி. குடத்துக்காரியின் கழுத்திலும் அதே குழி. மணப்பெண்ணிடமும் அதேதான். நான்கு கழுத்து, ஒரே அட்டிகை. அதே காசுமாலை, அதே புல்லாக்கு. கூடையின் பிரிந்த விளிம்புகூட இரண்டு படத்தில் ஒன்றுதான்.

என் தொழிலை இப்போது சொல்ல வேண்டும். நான் கோவையில் கல்யாண ஆல்பம் செய்யும் இடத்தில் படங்களைத் திருத்திக் கொடுக்கிறவள். ‘பொண்ணு கழுத்து வெறிச்சுன்னு இருக்கு, இன்னும் ரெண்டு செயின் சேத்து விடுங்க மேடம்’ என்பார்கள், சேர்த்து விடுவேன். ஊரான் வீட்டுக் கழுத்தில் இல்லாத நகையைப் பிக்சல் பிக்சலாகச் செய்து போட்டவளுக்கு, தன் வீட்டுப் படத்தில் சந்தேகம் என்று ஒன்று வரவே இல்லை. காத்தாயிக்குப் பின்னால் இருக்கும் தேயிலை மலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மணப்பெண்ணுக்குப் பின்னாலும் அதே மலைதான், அவள் நாற்காலிக்கு அருகே அந்த மலையில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அது துணியில் தீட்டிய மலை. பிறகு எப்படிப் பொருந்தும்?

நடேசன் ஐயாவும் குனிந்து பார்த்தார். “ஒரே தோட்டத்து ஆளுங்க மாத்தி மாத்திப் போட்டிருப்பாங்களோ?” என்றார். நியாயமான கேள்விதான். பின்பக்கம் திருப்பினோம். இரண்டில் எட்வர்ட் தலை, ஒன்றில் ஜார்ஜ் தலை. ஒன்றில் தபால் முத்திரை ஹப்புத்தளை, ஒன்றில் பதுளை, மூன்றாவதில் கண்டி. நான்கு ஊர்ப் பெண்கள் பல வருடம் ஒரே உடைந்த அட்டிகையைச் சுற்றிவிட்டார்கள் என்பதைவிட, படக்காரன் பெட்டியில் துணி மலையோடு நகையும் கூடையும் வைத்திருந்தான் என்பது நம்பக்கூடியதாக இருந்தது. அது தங்கமா, பித்தளையா, யாருக்குத் தெரியும்? நடேசன் ஐயா நிமிர்ந்தார். “எங்க வீட்டுலயும் பெரிய கல்யாணப் படம் ஒண்ணு இருக்கும்மா. நான் இன்னிக்கு அதக் கிட்டக்கப் போயிப் பாக்கப் போறதில்ல” என்றார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். துணி வாங்க வந்தவர்கள் எங்களை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. இருபது வயதுப் பெண்ணை மலையிலிருந்து கூட்டி வந்து, நகையைப் போட்டுவிட்டு, படம் எடுத்து முடிந்ததும் கழுத்திலிருந்து கழற்றி வாங்கியிருப்பார்கள். அவர் மறுபடி பெரட்டுக் களத்துக்குப் போயிருப்பார். பிறகு இன்னொன்றும் தோன்றியது. அந்த மனிதன் வராவிட்டால் காத்தாயி என்று ஒருத்தி இருந்ததற்கு ஒரு படமும் இருந்திருக்காது. எனவே அவனைத் திட்டவும் முடியவில்லை. நடேசன் ஐயா மூன்று அட்டைகளையும் தாமே எடுத்துப் போய்ப் பெரிதாக நகல் எடுத்துக் கொண்டுவந்தார், காசு வாங்கவில்லை. ஹாலிஎல பக்கம் கிடைக்கும் கொய்யாப்பழம் ஒரு பையும் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். “அத்தை வீட்டுக்குப் போறீங்கள்ல, வெறுங்கையோடவா போவீங்க?” என்றார்.

நான்காம் நாள் மறுபடி அதே பேருந்து, அதே வளைவுகள். அன்று ஞாயிறு, விஜயாவும் வீட்டில் இருந்தாள். சுவரிலிருந்த படத்தை இறக்கித் தரையில் வைத்தோம். பக்கத்தில் மூன்று நகல்களையும் வைத்து, அட்டிகையின் குழியை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

“அப்ப எங்கப்பா பொய்யா சொன்னாரு?” என்றார்.

“தெரியல அத்தை. அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம்.”

விஜயாதான் மெதுவாகச் சொன்னாள்: “மாமி, அவுங்கம்மா சாகும்போது அவருக்கு மூணு வயசுன்னு நீங்கதானே சொன்னீங்க. அவருக்கும் இந்தப் படந்தானே தெரியும்?”

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். நானும் அப்போதுதான் அதை யோசித்தேன். தாத்தாவும் நகையைப் பார்த்ததில்லை. ஊரில் சொந்தக்காரர்களிடம் இருக்கும் என்று நம்பி இருந்திருக்கிறார். கல்யாணத்துக்காகப் போய்க் கேட்டு, இல்லை என்று தெரிந்து, வெறுங்கையோடு கப்பலில் திரும்பி வந்திருக்கிறார். வந்த பிறகு மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று என்மேல் பாய்ந்தார்: “இத ஒரு முப்பது வருசத்துக்கு முந்திக் கொண்டாந்திருக்கக் கூடாதா? எங்க மாமியா இருந்துச்சு அப்ப. மூஞ்சிக்கு நேரா காட்டியிருப்பேன்ல?” மன்னிப்புக் கேட்பதா, முப்பது வருடத்துக்கு முன் எனக்குப் பதினைந்து வயது என்று சொல்வதா என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு அவரே, “அவனுக்குப் போடு” என்று என் கைபேசியைக் காட்டினார்.

வீடியோ அழைப்பில் அப்பா வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐம்பது வருடம் கழித்து என் அப்பா கேட்ட முதல் கேள்வி, “சாப்ட்டியாக்கா?”

“சாப்ட்டேன். நீ?”

“ம்.”

“ஒம் மக எல்லாம் சொன்னாளா?”

“சொன்னா. நகையே இல்லையாமே.”

“இல்லியாம்டா. நம்மகிட்ட இருந்ததே இல்லியாம். நீயும் எடுக்கல, நானும் எடுக்கல.” அத்தையின் குரல் உடைந்தது. “இல்லாத ஒண்ணுக்கு இம்புட்டு வருசம் பேசாம இருந்துட்டமேடா, தம்பி.”

அப்பா அழுதார். எனக்குத் தெரிந்து அவர் அழுதது இரண்டாவது முறை. நானும் அழுதேன், விஜயாவும் அழுதாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அத்தை கைபேசியைத் திருப்பிக் காத்தாயியின் படத்துக்கு நேராகப் பிடித்தார். “இங்க பாரு. நான் இத தெனம் பாத்தவ. ஆனா கழுத்தத் தாண்டி மேல பாத்ததே இல்ல. இன்னிக்கித்தான் மூஞ்சியப் பாக்குறேன். ஒம் மூஞ்சிடா இது. அப்பிடியே ஒன்னோடதுதான்.”

அப்பா தன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இல்லக்கா, ஒன்னோடது” என்றார். உடனே அடுத்த சண்டை ஆரம்பித்துவிட்டது, அந்த மூக்கு யாருடையது என்று. நான் வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தேன். நமுனுகுல மலை மேகத்திலிருந்து பாதி தெரிந்தது. அந்த நேரத்தில் நடத்துனர், நடேசன் ஐயா, ஆட்டோக்காரர், விஜயா என்று அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மழை குறைந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். ஆனாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், நமுனுகுலவில் சாயந்திரம் நடுங்கும். விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் எடுப்பதற்கு முன் பாருங்கள். தோட்டத்துக்குள் போகும்போது அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் யாரும் தடுப்பதில்லை. லயத்துக்குப் போய் முதல் வேலையாகக் கேமராவை எடுக்காதீர்கள். முதலில் உட்காருங்கள், தேத்தண்ணி குடியுங்கள். பழைய அட்டையைக் கொண்டுபோனால் அசலைப் பையில் வைத்துவிட்டு நகலைக் காட்டுங்கள். ஆறு நாளைக்கு விமானக் கட்டணம் போக எனக்குச் செலவு நாற்பதாயிரம் இலங்கை ரூபாய்க்குள்தான்.

முக்கியமானது ஒன்று. அந்தக் காலத்துப் படத்தை வைத்து வீட்டுச் சொத்தைக் கணக்குப் போடாதீர்கள். பின்னால் இருக்கும் மலை துணியாக இருக்கலாம், கூடை கடன் வாங்கியதாக இருக்கலாம், சேலையின் சிவப்பு சீமையில் யாரோ பூசியதாக இருக்கலாம். அந்த முகமும் முன்கையில் குத்திய தேளும் மட்டும் சந்தேகமில்லாமல் நம்முடையவை. அதுவே எனக்குப் பெரிய கொடுப்பினையாகத் தெரிகிறது.

அப்பா இப்போது பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறார். ரயிலில் கழிப்பறை இருக்கிறதா, பசறை வளைவுகளுக்கு மாத்திரை போட வேண்டுமா என்று தினமும் ஒரு கேள்வி. அக்காவுக்கு என்ன வாங்கிப் போவது என்பதில் வீட்டில் முடிவே ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதை அத்தையிடமே கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“ஒண்ணும் வேணாம். குடும்பத்தோட எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்குவோம். அவுங்கவுங்களுக்குச் சொந்தமா என்ன இருக்கோ, அத மட்டும் போட்டுக்கிட்டு வாங்க.”